கயோட்டிக்கு ரைபிள் வாங்கப் போகிறீர்களா? காலிபரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டெக்சாஸில் ஊருக்கு வெளியே பத்து, இருபது ஏக்கர் வாங்கி ஆடு விட்டிருக்கும் நம்மவர்களிடமிருந்து, குட்டி போடும் பருவத்தில் எனக்குப் போன் வந்துவிடும். ராத்திரி கயோட்டி (ஓநாய் இனத்து, அதைவிடச் சிறிய அமெரிக்கக் காட்டு மிருகம்) வந்து குட்டியைத் தூக்கிவிட்டது, என்ன காலிபர் (குழல், தோட்டா அளவு) வாங்கலாம் என்பார்கள். பாதிப் பேர் கேட்பதற்கு முன்பே வாங்கியிருப்பார்கள். வாங்கியதைப் பார்த்தால், பழகிய காலத்தில் நாங்களெல்லாம் செய்த அதே தவறுகள் வரிசை மாறாமல் இருக்கும். துப்பாக்கியைப் பூட்டி வைப்பது, ஸ்கோப் காட்டும் இடத்திலேயே குண்டு படும்படி ஜீரோ செய்வது, இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்ப்பது இவற்றையெல்லாம் ஹண்டர் எஜுகேஷன் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். அந்த வகுப்பை முடித்த பிறகும் நடப்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

உருவத்தைப் பார்த்து ஏமாறுவது

குளிர்கால ரோமத்தோடு நிற்கும் கயோட்டி பெரிய மிருகமாகத் தெரியும். டெக்சாஸ் பக்கம் வளர்ந்த ஒன்று பெரும்பாலும் 10 முதல் 16 கிலோதான். ஓநாய் ரத்தம் கலந்த வடகிழக்கு மாநிலத்துக் கயோட்டிகள் இன்னும் கனமாக இருக்கும். ரோமத்தைக் கழித்துப் பார்த்தால் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் நாலைந்து அங்குல வட்டம், அவ்வளவுதான்.

இதற்காக .308, .30-06 என்று பெரிய காலிபருக்குப் போகத் தேவையில்லை. மான் வேட்டைக்கென்று வீட்டில் ஏற்கெனவே இருந்தால் தாராளமாகப் பயன்படுத்தலாம். கயோட்டிக்காகவே புதிதாக வாங்குவது வீண். உதை அதிகம் என்பதால் சுட்ட நொடியில் ஸ்கோப் மேலே எகிறிவிடும். குண்டு எங்கே பட்டது என்று தெரியாது, கூடவே வந்த ஜோடி எந்தப் பக்கம் ஓடியது என்றும் தெரியாது. தவறிய கனமான குண்டு தரையில் பட்டுத் தெறித்து வெகுதூரம் போகும் அபாயமும் கூடுதல். பக்கத்து நிலத்தில் வீடு இருக்கிற இருபது ஏக்கரில் இதை யோசிக்காமல் இருக்க முடியாது.

ரிம்ஃபயர் போதும் என்று நினைப்பது

ரிம்ஃபயர் என்பது அடி விளிம்பில் அடித்து வெடிக்கவைக்கும் சிறிய தோட்டா வகை. தோட்டா மலிவு, சத்தம் குறைவு. ஆசை புரிகிறது. 2002-இல் வந்த .17 எச்எம்ஆர் முயலுக்கும் அணிலுக்கும் அருமையான தோட்டா. அதன் குண்டு பெரும்பாலும் 17 கிரெய்ன் (குண்டின் எடை அலகு, ஒரு கிராமில் சுமார் பதினைந்தில் ஒரு பங்கு). 100 கெஜத்தில் .223-இன் 55 கிரெய்ன் குண்டுக்கு இருக்கும் ஆற்றல் இதைப்போல் ஏறக்குறைய ஏழு மடங்கு. காற்றும் இதை எளிதில் தள்ளிவிடும்: மணிக்கு 10 மைல் குறுக்குக் காற்று அடித்தால் 200 கெஜத்தில் ஓர் அடிக்கு மேல் விலகும். .22 லாங் ரைபிள் பற்றிப் பேசவே வேண்டாம். இரண்டிலும் கயோட்டி செத்ததாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அடிபட்டு ஓடிப் புதருக்குள் இரண்டு நாள் கிடந்து செத்தவற்றை அவர்கள் பார்க்கவில்லை.

குண்டின் குற்றத்துக்கு ரைபிளை மாற்றுவது

எனக்கு இன்னும் எரிச்சல் தருவது இந்தத் தவறுதான். பணமும் இதில்தான் அதிகம் போகிறது.

சான் ஏஞ்செலோவுக்குத் தெற்கே ஆடு வைத்திருக்கும் ஒரு தம்பி. நல்ல .22-250 வாங்கினார். வேகம் வேண்டும் என்று 40 கிரெய்ன் குண்டு, நுனியில் பிளாஸ்டிக் வைத்தது. வினாடிக்கு 4,000 அடிக்கு மேல் போகும். பிப்ரவரியில் முயல் அலறும் சத்தத்தை காலரில் (மிருகத்தைக் கூப்பிடும் ஒலிக்கருவி) போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தோம். கயோட்டி சற்றுக் கோணலாக எங்களை நோக்கி வந்து, அறுபது கெஜத்தில் நின்றது. சுட்டார். அது சுழன்று தன் தோளையே கடித்தது, பிறகு மூன்று காலில் ஓடி மெஸ்கீட் புதருக்குள் மறைந்தது. இருட்டும்வரை தேடினோம். மறுநாள் காலை சப்பாத்திக்கள்ளிக்கு அடியில் உயிரோடு கிடந்ததைக் கண்டுபிடித்து முடித்துவைத்தோம்.

காயத்தைக் கழுவி அவருக்குக் காட்டினேன். தோளில் உள்ளங்கை அகலத்துக்குச் சதை பிய்ந்திருந்தது. எலும்பு சில்லுச் சில்லாக உடைந்திருந்தது. ஈயத் துணுக்குகளும் தாள்போல் மெலிந்த செம்புத் துண்டுகளும் சதைக்குள் சிதறிக் கிடந்தன. அதற்குக் கீழே விலா எலும்பு ஒன்றுகூட உடையவில்லை. குண்டு நெஞ்சுக்குள் போகவே இல்லை.

“அண்ணே, இந்த .22-250 பத்தாதுண்ணே. .243-க்கு மாறிடலாம்” என்றார்.

அது பிரெய்ரி டாக் என்கிற, ஒரு கிலோ எடையுள்ள பிராணிக்கென்று செய்த குண்டு. செம்பு உறை மிக மெலிது, உள்ளே மெத்தென்ற ஈயம். பட்ட அங்குலத்திலேயே வெடித்துச் சிதற வேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்கிறார்கள். பக்கவாட்டில் நிற்கும் கயோட்டியின் தோளுக்குப் பின்னால், விலா இடுக்கில் பட்டால் அது நின்ற இடத்திலேயே விழும், குண்டு மறுபக்கம் வெளியேறிய காயமும் இருக்காது. அதனால்தான் இந்தக் குண்டுக்கு அவ்வளவு பெயர். ஆனால் சத்தம் கேட்டு வருகிற கயோட்டி பக்கவாட்டில் வந்து நிற்பது குறைவு. நேராகவோ கோணலாகவோதான் வரும். கண்ணில் படுவது தோள் எலும்பும் முன்நெஞ்சும். அங்கே இந்தக் குண்டு மேலோடு சிதறிவிடும்.

இன்னொன்றையும் பலர் தலைகீழாக நினைக்கிறார்கள். கிட்டத்தில் எந்தக் குண்டும் வேலை செய்யும் என்பது அவர்கள் எண்ணம். குண்டின் வேகம் கிட்டத்தில்தான் அதிகம். வேகம் கூடக்கூட மெலிந்த உறை இன்னும் சீக்கிரம் உடையும். 200 கெஜத்தில் ஒழுங்காக உள்ளே போகிற குண்டு அறுபதில் தோலோடு வெடிப்பது இதனால்தான்.

இதையெல்லாம் சொன்னேன். தலையாட்டினார். அடுத்த மாதம் அந்த ரைபிளை நஷ்டத்துக்கு விற்று, .243-உம் புது ஸ்கோப்பும் வாங்கிவிட்டார். தோட்டாப் பெட்டியைப் பார்த்தேன்: 58 கிரெய்ன், பிளாஸ்டிக் நுனி, வினாடிக்கு 3,900 அடி. அதே இனத்துக் குண்டு, கொஞ்சம் தடிமன். காலிபர் மாறியது, கோளாறு கூடவே வந்தது. மறுபடி ஒன்று தோளில் வாங்கிக்கொண்டு ஓடியது, அதை நாங்கள் கண்டுபிடிக்கவேயில்லை. அப்புறம் 6.5 கிரீட்மூர் என்ற இன்னொரு காலிபர் எப்படியிருக்கும் என்று என்னையே கேட்டார்.

அந்த .22-250-க்கே 55 கிரெய்ன் சாஃப்ட் பாயின்ட் (நுனியில் ஈயம் வெளியே தெரியும் குண்டு) ஒரு பெட்டி வாங்கியிருந்தால் கதை முடிந்திருக்கும். அது சற்றுத் தடித்த உறை, எலும்பைத் தாண்டி உள்ளே போய்த்தான் விரியும். ரைபிளின் விலையோடு ஒப்பிட்டால் ஒரு பெட்டித் தோட்டா ஒன்றுமேயில்லை. பிறகு அவர் .243-இல் 87 கிரெய்ன் குண்டுக்கு மாறினார். நேர் எதிரே வந்த கயோட்டி அப்படியே மடிந்து விழுந்தது. இப்போது .243-தான் உசத்தி என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவரைக் கேட்டு இன்னும் இரண்டு பேர் தங்கள் ரைபிளை விற்கப் பார்க்கிறார்கள். குற்றம் குண்டின்மேல் என்று ஒருவரும் சொல்வதில்லை. குண்டு பட்டு ஓடினால் முதலில் எங்கே பட்டது என்று பாருங்கள். பிறகு பெட்டியைத் திருப்பி என்ன குண்டு என்று படியுங்கள். இரண்டும் சரியாக இருந்தால் மட்டும் காலிபரைப் பற்றிப் பேசலாம்.

ட்விஸ்ட் பார்க்காமல் தோட்டா வாங்குவது

குழலுக்குள் இருக்கும் வரிகள் எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்று குண்டைச் சுழற்றுகின்றன என்பதுதான் ட்விஸ்ட். பெரும்பாலும் குழலிலேயே பொறித்திருக்கும். பழைய .22-250-களில் 14 அங்குலத்துக்கு ஒரு சுற்று, பழைய .223-களில் 12. இவை 55 கிரெய்ன் வரைக்கும் நன்றாகச் சுடும். நீளமான, கனமான குண்டுகளுக்கு 9 அல்லது 8 வேண்டும். கனமான குண்டு நல்லது என்று எங்கோ படித்துவிட்டு, 12 ட்விஸ்ட் குழலில் 75 கிரெய்ன் போட்டுச் சுட்டவர் காகித இலக்கை எடுத்துவந்து காட்டினார். துளைகள் வட்டமாக இல்லை, சாவித்துளைபோல் நீளமாக இருந்தன. குண்டு பக்கவாட்டில் புரண்டுகொண்டு போயிருக்கிறது.

கலிஃபோர்னியாவில் இருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அங்கே 2019 ஜூலை 1 முதல் எந்த வேட்டைக்கும் ஈயக் குண்டு கூடாது. ஈயத்தைவிடச் செம்பு அடர்த்தி குறைந்தது என்பதால் அதே எடைக்குச் செம்புக் குண்டு நீளமாக இருக்கும். பழைய குழலில் அது நிலையாகப் போகாமல் இருக்கலாம். கடையில் குழலின் ட்விஸ்டைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

ஃபுல் மெட்டல் ஜாக்கெட்

நுனிவரை கெட்டி உறை மூடிய குண்டு இது. வேட்டைக்கு வேண்டாம், பெரும்பாலும் ஊசிபோல் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போய்விடும், கயோட்டி ஓடிப்போய் மெல்லச் சாகும்.

.223-ம் 5.56-ம் ஒன்று என்று நினைப்பது

இந்த இரண்டு தோட்டாக்களும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். 5.56 என்று பொறித்த குழலில் .223 தோட்டா போடலாம். .223 என்று மட்டும் பொறித்த குழலில் 5.56 போடக்கூடாது. அழுத்தம் எல்லை மீறும்.

அட்டவணையை மட்டும் பார்த்து முடிவெடுப்பது

.204 ருகர், .22-250, .220 ஸ்விஃப்ட் இவற்றின் வேகத்தைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். உங்கள் இடத்தில் எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரிகிறது என்று முதலில் நடந்து பாருங்கள். மெஸ்கீட்டும் ஜூனிப்பரும் மண்டிய நிலத்தில், கூப்பிட்டு வரவழைத்துச் சுடும்போது 150 கெஜத்தைத் தாண்டுவதே அரிது. அந்தத் தூரத்துக்கு .223 தாராளம். .22-250-க்கு வெடிமருந்து அதிகம், குழலும் சீக்கிரம் தேயும்.

வயோமிங், கான்சாஸ் மாதிரித் திறந்த சமவெளி என்றால் கணக்கு வேறு. அங்கே வேகத்தைவிடக் காற்றுதான் தொந்தரவு. மணிக்கு 10 மைல் குறுக்குக் காற்றில் .223-இன் 55 கிரெய்ன் குண்டு 200 கெஜத்தில் சுமார் நாலு அங்குலம் விலகும். 300-க்குப் போனால் பத்து அங்குலத்தை நெருங்கிவிடும். நெஞ்சு வட்டம் நாலைந்து அங்குலம்தான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். .243-இன் 87 கிரெய்ன் அங்கே கணிசமாகக் குறைவாக விலகும்.

தோல் விலையை நம்பி காலிபர் தேர்ந்தெடுப்பது

கனடா கூஸ் நிறுவனம் கோட்டுகளில் கயோட்டி ரோமம் வைப்பதை நிறுத்தப்போவதாக 2021-இல் அறிவித்த பிறகு, சுட்ட கயோட்டியின் தோலை நல்ல விலைக்கு விற்கலாம் என்ற நம்பிக்கைக்கு அதிக இடமில்லை.

விசாவை மறப்பது

எச்-1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்க மத்தியச் சட்டம் பொதுவாகத் தடைசெய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருப்பவர்களுக்கு விதிவிலக்கு உண்டு. உரிமம் காலாவதியானால் அந்த விதிவிலக்கும் போய்விடும், துப்பாக்கி வீட்டில் இருப்பதே குற்றமாகிவிடும். கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தடை இல்லை. டெக்சாஸில் 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் ஹண்டர் எஜுகேஷன் முடிக்க வேண்டும். கடைக்காரர் சொல்வதை நம்பி இருந்துவிடாமல், வாங்குவதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள்.

சரி, எதைத்தான் வாங்குவது?

புதர்க் காடு, சிறிய நிலம், முதல் ரைபிள் என்றால் .223. ட்விஸ்ட் 9 அல்லது 8, குண்டு 55 கிரெய்ன் சாஃப்ட் பாயின்ட். தோட்டா எங்கும் கிடைக்கும், உதை குறைவு, அடிக்கடி சுட்டுப் பழகலாம். அதே ரைபிளில் மானும் சுட வேண்டும் என்றால் .243: மானுக்கு 95 முதல் 100 கிரெய்ன், கயோட்டிக்கு 87. திறந்த வெளியில் தொடர்ந்து தூரமாகச் சுடுகிறவர்களுக்கு .243 அல்லது .22-250. கையில் இருப்பது இவற்றில் எதுவாக இருந்தாலும் மாற்றாதீர்கள். இரண்டு மூன்று வகைத் தோட்டாவில் ஒவ்வொரு பெட்டி வாங்கி, 100 கெஜத்தில் எதன் துளைகள் நெருக்கமாக விழுகின்றன என்று பாருங்கள். அந்த வகையிலேயே, ஒரே லாட் எண் (ஒரே தயாரிப்புத் தொகுதி) போட்ட பெட்டிகளாக, பருவம் முழுவதற்கும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.