பராமரிப்புத் தொகை: கணக்கு எங்கே தப்புகிறது?

பிரிந்துவிட்ட பெற்றோர் பிள்ளையின் செலவைப் பேச உட்கார்ந்தால், ஒருவர் தன் கையில் எவ்வளவு மிஞ்சும் என்று பார்க்கிறார். மற்றவர் பழைய கோபத்துக்கும் சேர்த்து ஒரு தொகை கேட்கிறார். கணக்கில் இரண்டுக்கும் இடம் கிடையாது. சூத்திரம் வைத்துத் தொகையை முடிவு செய்யும் நாடுகளில் முக்கியமாகப் பார்ப்பது வருமானம், பிள்ளைகளின் எண்ணிக்கை, பிள்ளை யாரிடம் எத்தனை நாள் இருக்கிறது என்பவைதான். அதில் நாம் கொண்டுபோய்ப் போடும் எண் தப்பாக இருந்தால் விடையும் தப்பாகத்தான் வரும்.

பெரும்பாலும் தப்புவது வருமானம். கைக்கு வரும் சம்பளத்தை அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். பிரிட்டனில் வரிக்கு முந்தைய மொத்த வருமானத்தில் ஓய்வூதியத்துக்குக் கட்டியதை மட்டும் கழித்துவிட்டுக் கணக்கைத் தொடங்குவார்கள். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் வரி போன்றவை போக நிற்கும் தொகைதான் அடிப்படை. இணையத்தில் கிடைத்த ஏதோ ஒரு கால்குலேட்டரில் தட்டிப் பார்த்துவிட்டுச் சண்டைக்குப் போகிறவர்கள் முதலில் அது எந்த ஊர்ச் சட்டத்துக்கானது என்று பார்க்க வேண்டும். கார் தவணை, கிரெடிட் கார்டு பாக்கி எல்லாவற்றையும் நாமே கழித்துவிட்டு மிச்சத்தைக் காட்டுவதும் பொதுவாக எடுபடாது. ஓவர்டைம், போனஸ், வீட்டு வாடகை வரவு ஆகியவற்றைச் சொல்லாமல் விடுவது இன்னும் ஆபத்து. பிறகு வெளியே வந்தால், சொன்ன மற்ற எண்களையும் யாரும் நம்ப மாட்டார்கள். தொகையைக் குறைப்பதற்காகவே வேலையை விடுகிறவர்களும் உண்டு. இவர் நினைத்தால் எவ்வளவு சம்பாதிக்க முடியும் என்று பார்த்து அந்த வருமானத்தின் மேல் தொகை விதிக்கப் பல நாட்டு நீதிமன்றங்களுக்கு அதிகாரம் இருக்கிறது. இந்தியாவில் சூத்திரம் இல்லை, நீதிபதிதான் தீர்மானிக்கிறார். ஆனால் ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பும் சொத்து, கடன், வருமான விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் சொல்லிவிட்டது.

அடுத்தது, 'ஆளுக்குப் பாதி' என்ற நினைப்பு. அமெரிக்க மாநிலங்களில் பெரும்பாலானவை இருவர் வருமானத்தையும் கூட்டி, அந்த விகிதத்தில் செலவைப் பிரிக்கின்றன. தந்தைக்கு 60,000, தாய்க்கு 40,000 வருமானம். பிள்ளையின் செலவு 20,000 என்று வைத்துக்கொள்வோம். தந்தையின் பங்கு 12,000. பிள்ளை தாயிடம் இருந்தால், மீதி 8,000-ஐ அவர் வீட்டிலேயே செலவழித்துவிடுகிறார் என்று கணக்கு. 'அவள் ஒன்றும் தரவில்லையே' என்று கேட்பவர்களுக்கு இந்த 8,000 கண்ணில் படுவதில்லை.

பிள்ளைகள் கூடினால் தொகையும் அதே மடங்கில் கூடும் என்பதும் தவறு. பிரிட்டனில் வார வருமானம் 200 முதல் 800 பவுண்டு வரை உள்ளவருக்கு ஒரு பிள்ளைக்கு 12%, இரண்டுக்கு 16%, மூன்றுக்கும் அதற்கு மேலும் 19%. வாரம் 500 பவுண்டு என்றால் ஒரு பிள்ளைக்கு 60, இரண்டு பிள்ளைகளுக்கு 80. பிள்ளை வருடத்தில் 52 இரவாவது பணம் கட்டுபவரிடம் தங்கினால் அதில் ஏழில் ஒரு பங்கு குறையும். 51 இரவு என்றால் குறையாது! அதனால் இரவுகளைக் காலண்டரில் குறித்து வைப்பதை அற்பமாக நினைக்க வேண்டாம். கனடாவில் இந்தக் கோடு வருடத்தின் 40% நேரம். அங்கே நாட்களைச் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டாலும், கூடுதலாகச் சம்பாதிப்பவர் கட்ட வேண்டி வரலாம்.

சைக்கிள் வாங்கிக் கொடுத்தேன், அந்த மாதத் தொகையில் கழித்துக்கொண்டேன் என்பார்கள். அது பெரும்பாலும் பரிசாகத்தான் போகும். பணத்தை ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாக, எந்த மாதத்துக்கு என்று எழுதி அனுப்புங்கள். பிள்ளையைப் பார்க்க விடவில்லை என்பதற்காகப் பணத்தை நிறுத்துவதும், பணம் வரவில்லை என்பதற்காகப் பிள்ளையைக் காட்டாமல் இருப்பதும் ஒரே ரகம். சட்டம் இரண்டையும் தனித்தனியாகத்தான் பார்க்கிறது.

வேலை போனால் என்ன செய்வது? எதிர்த் தரப்பிடம் வாயால் சொல்லி, 'சரி, அப்புறம் பார்க்கலாம்' என்ற பதிலோடு விட்டுவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு. உத்தரவு மாறாத வரை நிலுவை பழைய தொகையிலேயே ஏறிக்கொண்டிருக்கும். அமெரிக்காவில் 1986-இல் வந்த சட்டத் திருத்தத்தின்படி, ஏறிவிட்ட நிலுவையை நீதிபதியே நினைத்தாலும் பின்தேதியிட்டுக் குறைக்க முடியாது. மனு போட்டு, எதிர்த் தரப்புக்குத் தகவல் போன நாளுக்குப் பிந்தைய தொகையை மட்டுமே மாற்றலாம். பிரிட்டனில் வருடத்தின் நடுவே மாற்றம் கேட்க வருமானம் பொதுவாக 25% ஆவது ஏறியோ இறங்கியோ இருக்க வேண்டும். வேலை போன வாரமே மனு போட்டவரும் ஆறு மாதம் கழித்துப் போட்டவரும் ஒரே தொகையைக் கட்டி முடிக்க மாட்டார்கள்.