மீட்டர் நல்லதாகச் சொன்னாலும் நம்பக் கூடாத இடங்கள்: ஹாம் வானொலி நிலையத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொழுதுபோக்காக ஒலிபரப்பிப் பேசும் ஹாம் வானொலிக்காக என் மொட்டை மாடியில் இருந்த, இரண்டு மீட்டர் பட்டைக்கான (145 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைவரிசைகள்) ஆன்டெனாவுக்குச் செல்லும் கேபிளை ஏழாண்டுகளுக்குப் பிறகு ஒருநாள் நடுவே வெட்டிப் பார்த்தேன். கறுப்பு உறையைப் பிளேடால் கீறி உரித்தபோது, செம்பு நிறத்தில் மின்ன வேண்டிய கம்பிப் பின்னல் கரும்பச்சையாகக் களிம்பேறி, விரலால் தேய்த்தாலே பொடியாக உதிரும் நிலையில் இருந்தது. கேபிளை வளைத்து அழுத்தியபோது வெட்டுவாயில் தண்ணீர் துளிர்த்தது. அதற்கு முந்தைய நாள்வரை எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் 1.3 என்றுதான் காட்டிக்கொண்டிருந்தது. அந்த எண்ணை நம்பி, கோளாறு ரேடியோவில்தான் என்று முடிவுகட்டி, அதைத் திறந்து, தொடக் கூடாத ஒரு திருகையும் திருகி வைத்திருந்தேன். ஹாம் நிலையங்களில் நான் கண்ட தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரே தவற்றின் கிளைகளே: நல்ல எண் ஒன்று கண்ணில் பட்டவுடன் அந்தப் பக்கத்தைச் சோதிப்பதை நிறுத்திவிடுகிறோம்.

எஸ்.டபிள்யூ.ஆர். என்பது மேலே அனுப்பிய ஆற்றலில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைப் பொறுத்த கணக்கு; 1 என்றால் எதுவும் திரும்பவில்லை, எண் ஏற ஏற மோசம். மீட்டரோ கீழே, ரேடியோவின் பின்புறத்தில் இருக்கிறது. போகும் வழியிலேயே ஆற்றலின் பெரும்பகுதி கேபிளில் கரைந்து, மேலே முட்டித் திரும்பியதில் இன்னொரு பெரும்பகுதி வரும் வழியிலும் கரைந்துவிட்டால், கீழே வந்து சேர்வது சொற்பமே. மீட்டர் அதைப் பார்த்துவிட்டு எல்லாம் ஒழுங்காக இருப்பதாகக் காட்டும். ஆர்.ஜி. 58 என்ற மெல்லிய கேபிள் 30 மீட்டர் நீளமிருந்தால், 145 மெகாஹெர்ட்ஸில், புதிதாக இருக்கும்போதே ஏறத்தாழ 6 டெசிபல் இழப்பு உண்டு. அதாவது கீழே 5 வாட் செலுத்தினால் மேலே சேர்வது ஒன்றேகால் வாட். இதே கேபிளின் மறுமுனையில் ஆன்டெனாவே கழன்று விழுந்து வெறும் முனை நின்றாலும், கீழே உள்ள மீட்டர் 1.7 அளவில்தான் காட்டும். தண்ணீர் புகுந்த கேபிள் அதைவிட அழகான எண்ணைக் காட்டும். மல்டிமீட்டரும் இங்கே உதவாது, ஏனெனில் களிம்பேறிய பின்னல் வழியாகவும் அதன் பீப் ஒலி கேட்கும். உள்ளபடி அறிய வேண்டுமானால் ஆன்டெனாவுக்குப் பதிலாக ஆற்றலை வாங்கிக்கொள்ளும் ஐம்பது ஓம் மின்தடையான டம்மி லோடை மாடிக்கு எடுத்துச் சென்று கேபிளின் முனையில் பொருத்தி, கீழே எத்தனை வாட், மேலே எத்தனை வாட் என்று இரண்டு இடத்திலும் அளந்து பார்க்க வேண்டும். படியேறும் சிரமம் இருக்கிறதென்றுதான் பலர் இதைச் செய்வதில்லை.

எல்லா அலைவரிசைப் பட்டைக்கும் ஒரே சுருள் கேபிளை வாங்குவதும் இதோடு சேர்ந்த தவறு. அதே ஆர்.ஜி. 58, அதே 30 மீட்டர், 7 மெகாஹெர்ட்ஸில் ஒரு டெசிபலுக்குச் சற்று மேல்தான் விழுங்கும். அந்த 7 மெகாஹெர்ட்ஸ் பகுதியான நாற்பது மீட்டர் பட்டையில் பேசுபவர் தடித்த கேபிளுக்குச் செலவழிக்கத் தேவையில்லை. இரண்டு மீட்டர் பட்டைக்கு ஆர்.ஜி. 213 போன்ற தடித்த கேபிள்கள் வேண்டும், அல்லது கேபிளின் நீளத்தைக் குறைக்க வேண்டும். டிவி கேபிளைத் தொடவே கூடாது என்று சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. ரேடியோ எதிர்பார்க்கும் 50 ஓமுக்குப் பதில் அது 75 ஓம் கேபிளாக இருப்பதால் வரும் இழப்பு பெரிதன்று. இரண்டு மீட்டர் பட்டையில் அதன் இழப்பு ஆர்.ஜி. 58-ஐவிடக் குறைவும்கூட. அதன் உண்மையான தொல்லை அலுமினியப் பின்னல்; அதில் ஈயம் பிடிக்காது, ஆகவே அதற்கென்று உள்ள அழுத்துக் கனெக்டர்களைத்தான் போட வேண்டும்.

தண்ணீர் எங்கே நுழைகிறது? அநேகமாக எப்போதும் கனெக்டரில். பி.எல். 259 என்ற அந்தப் பழைய கனெக்டர் மழையைத் தாங்கும்படி உருவாக்கப்பட்டதன்று. அதன் இடுக்கில் ஒரு சொட்டு இறங்கினால் போதும், விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோலப் பின்னல் அதைக் கேபிளுக்குள் மீட்டர் கணக்கில் இழுத்துக்கொண்டு போகும். இதற்கு மருந்தாகப் பலர் குழாயிலிருந்து பிதுக்கும் சாதாரண சிலிக்கானை அப்புகிறார்கள். காடி வாசனை அடிக்கும் சிலிக்கான் காயும்போது அமிலத்தை வெளியிட்டுச் செம்பை அரிக்கும். தண்ணீர் செய்ய வேண்டிய வேலையை நாமே முடித்துவைப்பதுதான் அது. தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை நன்றாக இழுத்து, கீழிருந்து மேலாக, ஓடு வேய்வதுபோல மேல்சுற்று கீழ்ச்சுற்றின்மேல் படியும்படி சுற்ற வேண்டும். வெயிலுக்குக் காப்பாக அதன்மேல் நல்ல இன்சுலேஷன் டேப் ஒரு சுற்று வர வேண்டும். சுவரைத் துளைத்து வீட்டுக்குள் வரும் இடத்தில் கேபிளைச் சற்றுத் தொய்வாகக் கீழே இறக்கிப் பிறகு மேலேற்றினால் வழிந்துவரும் மழைநீர் அந்தத் தொய்விலேயே சொட்டிவிடும். இதற்குக் காலணா செலவில்லை.

அந்தக் கனெக்டரைப் பற்றவைப்பதிலும் ஒரு தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. சர்க்யூட் போர்டுக்கு வைத்திருக்கும் 25 வாட் இரும்பால் பித்தளை உடலைச் சூடாக்க முயன்றால், உடல் சூடேறுவதற்குள் உள்ளே இருக்கும் பாலித்தீன் இளகி நடுக்கம்பி ஒருபக்கம் சாய்ந்துவிடும், ஈயமும் உருண்டு, சரியாக ஒட்டாத டிரை சால்டராகத்தான் நிற்கும். நூறு வாட் இரும்பைக் கொண்டு சில நொடிகளில் வேலையை முடிப்பதே கேபிளுக்குக் குறைந்த சூடு. முடித்தபின் நடு ஊசிக்கும் உடலுக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்து, கேபிளை அசைத்துக்கொண்டே பார்க்க வேண்டும். பின்னலிலிருந்து பிரிந்த முடி போன்ற ஓர் இழை போதும், ஷார்ட் ஆவதற்கு.

கம்பியை அளந்து வெட்டும் கட்டத்திற்கு வருவோம். நடுவில் கேபிள் சேரும் இரு பக்கக் கம்பி ஆன்டெனாவான அரை அலை டைபோலின் நீளத்தை மீட்டரில் அறிய 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுக்கும் சூத்திரம் எல்லோருக்கும் தெரியும், 7.1-க்கு 20.14 மீட்டர், பக்கத்துக்குப் பத்து மீட்டரும் சில சென்டிமீட்டரும். சூத்திரத்தைச் சாசனமாகக் கொண்டு அப்படியே வெட்டிவிடுவதுதான் பிழை. தரையின் அருகாமை, கூரையின் இரும்பு, கம்பியின் மேலுள்ள பிளாஸ்டிக் உறை ஆகிய ஒவ்வொன்றும் அந்த எண்ணை நகர்த்தும். வீட்டு வயரிங் கம்பியில் கட்டினால் சில சதவீதம் குறைவாகவே தேவைப்படும். ஆகவே அரை மீட்டர் கூடுதலாக விட்டு, கட்ட வேண்டிய உயரத்திலேயே ஏற்றிய பிறகு அளக்க வேண்டும். இடுப்பு உயரத்தில் வைத்து அளந்த அளவு மேலே போனதும் மாறிவிடும். ஒத்ததிர்வு (ஆன்டெனா நன்றாக இயங்கும் அலைவரிசை) 6.9-இல் விழுகிறதென்று வைத்துக்கொள்வோம். அதே சூத்திரத்தின்படி 20.72 மீட்டர், வேண்டியது 20.14; ஆக ஒவ்வொரு பக்கமும் 29 சென்டிமீட்டர் குறைய வேண்டும். அதை வெட்டாமல், முனையை மடித்துக் கம்பியோடு சேர்த்துச் சுற்றிவிட்டால், தப்பாகப் போனாலும் பிரித்துக்கொள்ளலாம். தலைகீழ் வி வடிவில் கட்டுபவர்கள் உச்சிக்கோணம் 90 பாகைக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று: கேபிளை டைபோலோடு இணைக்கும் பேலன்களில், உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் உள்ள சிலவற்றை மல்டிமீட்டரில் பார்த்தால் ஷார்ட் என்றே காட்டும். அதைக் கண்டு பதறிப் பிரித்துப் போட்டவர்கள் உண்டு. நேர்மின்னோட்டத்துக்கு அது அப்படித்தான் தெரியும்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்த மறுநாள், எங்கள் தெருவில் முறிந்த மரங்களுக்கிடையே என் டைபோலும் கிடந்தது. கம்பி அறுந்திருந்த இடம் நடுப்பகுதியன்று, வேப்பமரக் கிளையில் நான் இறுக்கிக் கட்டியிருந்த முனை. மரம் ஆடும், வீடு ஆடாது என்பதை மறந்து இரண்டுக்கும் நடுவே விறைப்பாகக் கம்பி இழுத்திருந்தேன். மரத்தின் பக்கம் ஒரு கப்பி போட்டு, கயிற்றின் நுனியில் மணல் நிரப்பிய புட்டியைத் தொங்கவிட்டால், மரம் ஆடும்போது எடைதான் ஏறி இறங்கும், கம்பி இழுபடாது. மலிவான பிளாஸ்டிக் கயிறு நம் ஊர் வெயிலில் ஓரிரு ஆண்டுகளில் நார்நாராகப் பிரிந்துவிடும் என்பதால் ஆண்டுக்கொருமுறை, வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக, மாற்றிவிடுவது நல்லது. இவையெல்லாம் பொருள் சேதத்தோடு போகும். ஈபி லைன் அப்படியன்று. ஆன்டெனாவோ அதைத் தாங்கும் குழாயோ எந்தப் பக்கம் சாய்ந்து விழுந்தாலும் மின்கம்பியை எட்டாத தூரத்தில்தான் அமைக்க வேண்டும். கயிறு கட்டிய கல்லை மரத்தின்மேல் எறியும்போதும், அலுமினியக் குழாயைத் தூக்கி நிறுத்தும்போதும், தாழ்வாகச் செல்லும் லைனைக் கடந்து எதையும் கொண்டுபோகக் கூடாது.

மைக்கைத் தொட்டால் உதட்டில் சுருக்கென்று குத்துகிறது, பேசும்போது கணினியின் மவுஸ் உறைந்துவிடுகிறது என்றால், கேபிளின் வெளிப்பின்னலும் ஆன்டெனாவாக வேலை செய்கிறது என்று பொருள். பலர் இதற்கு எர்த் கம்பியைத் தேடுகிறார்கள். மூன்றாவது மாடியிலிருந்து தரைக்கு இறங்கும் பத்து மீட்டர் எர்த் கம்பி 7 மெகாஹெர்ட்ஸில் ஏறத்தாழக் கால் அலை நீளம். கீழே நன்றாகப் புதைந்திருந்தாலும் மேல்முனையில் அது ரேடியோ அலைக்கு அடைத்த கதவுதான். தேவைப்படுவது ஆன்டெனாவின் ஊட்டுமுனையில் ஃபெரைட் வளையத்தில் கேபிளைச் சுற்றிய, பின்னலின் வெளிப்புறத்தில் ஓடும் மின்னோட்டத்தைத் தடுக்கும் ஒரு சோக். எர்த் வேறு காரணங்களுக்காகக் கட்டாயம் வேண்டும். ஆனால் பழைய பழக்கத்தில் அதைத் தண்ணீர்க் குழாயில் கட்டுபவர்கள், குழாய் பிவிசியாக மாறிப் பல காலமாயிற்று என்பதைக் கவனிப்பதில்லை. ரேடியோவுக்கென்று தனிக்குழி தோண்டி, அதை வீட்டு எர்த்தோடு இணைக்காமல் விடுவது இன்னும் கெடுதல்; அருகே இடி விழும்போது இரண்டு குழிகளுக்கும் இடையே எழும் மின்னழுத்தம் ரேடியோவின் வழியாகவே பாயும்.

நூறு வாட் ரேடியோ ஒலிபரப்பும்போது 13.8 வோல்ட்டில் 20 ஆம்பியர் அளவில் இழுக்கும். சப்ளையிலிருந்து மூன்று மீட்டர் தூரத்துக்கு, விளக்குக்குப் போடும் ஒரு சதுர மில்லிமீட்டர் கம்பியை இழுத்தால், போகவர ஆறு மீட்டரில் இரண்டு வோல்ட்டுக்கு மேல் தொலையும்; 2.5 சதுர மில்லிமீட்டரில் ஒரு வோல்ட்டுக்குள் நிற்கும். பேசாதபோது அளந்தால் இரண்டிலும் 13.8 என்றே மீட்டர் காட்டும். குரல் உடைகிறது என்று எதிர்முனையில் சொன்னால், பேசும்போது ரேடியோவின் பின்முனையிலேயே அளந்து பார்க்க வேண்டும்.

பழுதுபார்ப்பில் முதல் தவறு, அளப்பதற்கு முன் திருகுவது. என் ரேடியோவில் நான் திருகிய கம்பிச்சுருள் (காயில்), பழைய இடத்துக்கு வர இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை எடுத்துக்கொண்டது. ஒரு பேனாக் கோடு போட்டிருந்தால் அவ்வளவும் மிச்சம். ஹைதராபாத்தின் அஷர் ஃபர்ஹான் வடிவமைத்த, வீட்டிலேயே கட்டக்கூடிய பிட்எக்ஸ் ரேடியோவைக் கட்டியவர்கள் அதன் கடைசிக் கட்டத்திலுள்ள ஐ.ஆர்.எஃப். 510 டிரான்சிஸ்டரை எரித்த கதைகளை நிறையவே கேட்டிருக்கிறேன். அதன் உலோக முதுகு, சப்ளை வந்து சேரும் டிரெய்ன் முனையோடு இணைந்தது. மைக்காத் தகடு வைக்காமல் ஹீட்சிங்கில் முடுக்கினால் சப்ளை நேரே ஷார்ட். டிரான்சிஸ்டரின் நிலைமின்னோட்டத்தைத் தீர்மானிக்கும் பயாஸ் பிரீசெட்டைக் குறைந்த முனைக்குக் கொண்டுவராமல் மின்சாரம் கொடுத்தாலும் அது நொடியில் போய்விடும். ஆம்பியர் மீட்டரைத் தொடரில் வைத்து மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும். எரிந்ததற்குக் காரணம் தெரியாமல் புதியதைப் போட்டால் அதுவும் எரியும், ஃபியூஸுக்குப் பதில் செம்பு இழை வைத்தால் போர்டும் சேர்ந்து எரியும்.

வால்வு ஆம்பிளிஃபயர்கள் தனி ரகம். அவற்றின் வடிகட்டிக் கப்பாசிட்டர்களில் இரண்டாயிரம், மூவாயிரம் வோல்ட் நிற்கும். அதை வடியவிட வைத்த மின்தடை அறுந்திருந்தால், பிளக்கைப் பிடுங்கி நெடுநேரம் ஆனபிறகும் நிற்கும். திருப்புளியால் சட்டென்று ஷார்ட் செய்வதைச் சிலர் பெருமையாகச் செய்து காட்டுகிறார்கள். அந்தப் பொறியில் கப்பாசிட்டரும் கெடும், கண்ணுக்கும் ஆபத்து. அந்த வோல்ட்டைத் தாங்கும் மின்தடை ஒன்றைக் காப்பிட்ட கோலின் நுனியில் கட்டி, அதன் வழியாக வடித்து, அந்த அளவுக்குரிய மீட்டரில் சுழியம் பார்த்த பிறகு, கவ்விக் கம்பியால் இருமுனைகளையும் இணைத்து, வேலை முடியும்வரை அப்படியே விட்டுவைக்க வேண்டும், ஏனெனில் வடித்த கப்பாசிட்டர் சில நிமிடங்களில் தானாகவே கொஞ்சம் மின்னழுத்தத்தை மீண்டும் சேர்த்துக்கொள்ளும்.