முதுகுத்தண்டில் மின்தூண்டல் கருவி: வைக்கும் முன்பும் வைத்த பின்பும் செய்யக் கூடாதவை

“சார், நீங்க வைக்கிற கரண்டையே பெங்களூர்ல உள்ளே நிரந்தரமா வெச்சிடறாங்களாமே?” தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பிசியோதெரபி பார்க்கிற என்னைப் போன்றவர்களிடம் இந்தக் கேள்வி அவ்வப்போது வருகிறது. கேட்பவர் பெரும்பாலும் டிஸ்க் ஆபரேஷன் செய்தும் கால் வலி தீராதவராக இருப்பார். நாங்கள் தோல் மேல் ஒட்டிக் கொடுக்கும் கரண்ட் வேறு, அவர்கள் உள்ளே வைக்கும் முதுகுத்தண்டு மின்தூண்டல் கருவி வேறு.

இதில் மெல்லிய கம்பி ஒன்றிரண்டை முதுகெலும்புக் குழாய்க்குள், தண்டுவடத்தை மூடியிருக்கும் உறைக்கு வெளியே வைப்பார்கள். பிட்டத்தின் மேல்பக்கமோ வயிற்றிலோ தோலுக்கு அடியில், இதயத்துக்கு வைக்கிற பேஸ்மேக்கர் போல, பேட்டரிப் பெட்டி ஒன்று இருக்கும். அதிலிருந்து போகும் மெல்லிய மின்துடிப்பு, வலிச் செய்தி மூளைக்குப் போய்ச் சேரும் விதத்தை மாற்றுகிறது. ‘புதுசா வந்திருக்கு’ என்று சொல்லி விற்கிறார்கள், ஆனால் இது புதிதல்ல. தண்டுவடத்தில் ஒரு கதவு போன்ற அமைப்பு வலிச் செய்தியை விடவோ தடுக்கவோ செய்கிறது என்ற ‘கதவு’க் கோட்பாட்டை ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற ஆய்வாளர்கள் வெளியிட்டது 1965இல். அமெரிக்க நரம்பியல் அறுவை மருத்துவர் நார்மன் ஷீலி முதன்முதலாக நோயாளி ஒருவருக்கு இப்படி மின்முனை வைத்தது 1967இல். நழுவிய டிஸ்க்கை இது உள்ளே தள்ளாது, தேய்ந்த எலும்பை வளர்க்காது. வலி உணர்வைக் குறைப்பது மட்டுமே இதன் வேலை.

எந்த வலி என்று பார்க்காமலே முடிவெடுப்பதுதான் நான் பார்த்தவரை பெரிய தவறு. காலில் காந்துது, சுருக் சுருக்கென்று இழுக்குது, எறும்பு ஊறுது, மரத்துப்போய் வலிக்குது என்றால் அது நரம்பு வலியாக இருக்க வாய்ப்பு அதிகம். முதுகு ஆபரேஷனுக்குப் பின்னும் காலில் தீராமல் இருக்கிற வலி, அடிபட்டபின் கை கால் வீங்கி நிறம் மாறி எரிகிற சிஆர்பிஎஸ், மருந்துக்கு அடங்காத சர்க்கரை நோய் நரம்பு எரிச்சல் போன்றவற்றுக்குத்தான் இந்தக் கருவி பயன்படுகிறது. முட்டி தேய்ந்தவருக்கும், சுமை தூக்கிச் சதை பிடித்துக்கொண்டவருக்கும் இது தேவையில்லை.

நம் மாவட்டங்களில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருவதற்கு முன்பு பல ஊர்களில் ஃப்ளோரைடு மிகுந்த போர்வெல் தண்ணீரைத்தான் வருடக்கணக்காகக் குடித்தார்கள். பல்லில் பழுப்புக் கோடு, விறைத்த முதுகு, குனிய முடியாத இடுப்பு, சம்மணமிட முடியாத கால் என்று வரும் பெரியவர்களை இங்கே எல்லோரும் பார்த்திருப்பார்கள். ஃப்ளோரைடு ஏறிய உடம்பில் முதுகெலும்புகளை இணைக்கும் நார்கள் சுண்ணாம்பு படிந்து கெட்டியாகி, தண்டுவடம் போகும் குழாயே குறுகிவிடலாம். அந்த நிலையில் கால் பலம் குறைந்துகொண்டு வந்தால் அவருக்கு வேண்டியது அழுத்தத்தை நீக்கும் வைத்தியம், வலியை மறைக்கும் கருவி அல்ல. குறுகிய குழாய்க்குள் கம்பியைச் செருகுவதே தண்டுவடத்துக்கு ஆபத்தாகலாம். அதனால் எம்ஆர்ஐ பார்க்காமல் தேதி குறிக்கிற இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். வெளியூர் டாக்டரிடம் போனால் எந்த ஊர்த் தண்ணீர் குடித்து வளர்ந்தீர்கள் என்பதை அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

“தொண்ணூறு பர்சென்ட் சரியாயிடும்” என்ற பேச்சை அப்படியே நம்பாதீர்கள். முதுகு ஆபரேஷனுக்குப் பிறகும் கால் வலி தீராத 100 பேரை வைத்துச் செய்து 2007இல் வெளிவந்த ஆய்வில், ஆறு மாதத்தில் கால் வலி பாதியாவது குறைந்தது கருவி வைத்தவர்களில் 48 சதவீதம் பேருக்கு. வழக்கமான வைத்தியம் மட்டும் பெற்றவர்களில் 9 சதவீதம் பேருக்கு. நல்ல வித்தியாசம்தான், ஆனாலும் கருவி வைத்தவர்களில் பாதிப் பேருக்கு அந்த அளவுக்குக் குறையவில்லை. நார்வேயில் 50 பேருக்குக் கருவி வைத்து, எப்போது ஓடுகிறது, எப்போது ஓடவில்லை என்று அவர்களுக்கே தெரியாமல் மூன்று மூன்று மாதமாக மாற்றிப் பார்த்தார்கள். 2022இல் வெளிவந்த அதன் முடிவில் இரண்டு நிலைக்கும் சொல்லிக்கொள்கிற வித்தியாசம் இல்லை. அதில் பயன்படுத்தியது ‘பர்ஸ்ட்’ எனும் ஒரு வகைத் துடிப்பு மட்டும்தான், மற்ற வகைகளுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. கால் வலி இல்லாமல் இடுப்பு வலி மட்டும் உள்ளவர் இன்னும் யோசிக்க வேண்டும்: பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2023ஆம் ஆண்டுத் தொகுப்பு இடுப்பு வலிக்கு இதை ஆதரிக்கவில்லை.

இவ்வளவு சந்தேகம் இருப்பதால்தான் நிரந்தரமாக வைக்கும் முன் சோதனைக் கட்டம் ஒன்று உண்டு. கம்பியை மட்டும் உள்ளே வைத்து, பெட்டியை வெளியே இடுப்பில் கட்டி, சில நாள் முதல் ஒரு வாரம் பத்து நாள் வரை ஓட்டிப் பார்ப்பார்கள். வலி பாதியாவது குறைந்தால்தான் அடுத்த கட்டம். இதைச் சடங்காக முடித்துவிடுகிறவர்கள் ஏராளம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, சுற்றி நிற்கும் சொந்தக்காரர்கள் முகத்தைப் பார்த்து “பரவாயில்லை” என்று சொன்னால் அது சோதனையே இல்லை. டாக்டர் அனுமதிக்கும் அளவுக்கு நடங்கள், கடைக்குப் போங்கள், வழக்கமாக எத்தனை நேரத்தில் வலி எடுக்குமோ அத்தனை நேரம் நின்று பாருங்கள். காலை, மதியம், இரவு வலிக்கு எத்தனை மார்க், எவ்வளவு தூரம் நடந்தீர்கள், இரவில் எத்தனை முறை விழித்தீர்கள் என்று நோட்டில் எழுதுங்கள். அந்த நாட்களில் மாத்திரையை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம், எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும். குனிவது, திரும்புவது, குளிப்பது கூடாது, உடம்பைத் துடைத்துக்கொள்ளலாம். கருவிக்கு மட்டுமே பல லட்சம் ஆகும், நிலத்தை அடமானம் வைத்து வருகிறவர்களும் உண்டு. ஆகவே சோதனை தோற்றால் எவ்வளவு திரும்பும் என்பதையும், காப்பீடு எதை ஏற்கும் என்பதையும் எழுத்தில் வாங்கிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

சர்க்கரை கட்டுக்குள் இல்லாமல் போய்ப் படுக்காதீர்கள், புண் சீழ் பிடித்தால் கருவியையே எடுக்க வேண்டி வரும். ரத்தம் இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர் அதைச் சொல்லாமல் இருப்பதும் தவறு, இதய டாக்டரைக் கேட்காமல் தானாக நிறுத்துவதும் தவறு. கம்பி வைத்த பிறகு திடீரென்று கால் பலம் குறைந்தாலோ சிறுநீர் அடைத்தாலோ விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உள்ளே ரத்தம் கட்டி அழுத்தலாம், சில மணி நேரத்துக்குள் பார்க்க வேண்டிய விஷயம்.

வைத்த பின் முதல் ஆறு முதல் எட்டு வாரம் கம்பி உள்ளே ஒட்டிப் பிடிக்கும் காலம். வலி குறைந்த சந்தோஷத்தில் மாங்காய்க் கூடையைத் தூக்குவது, குடத்தை இடுப்பில் வைப்பது, கையை மேலே நீட்டிப் பரணில் எடுப்பது என்று ஆரம்பித்தால் கம்பி நகர்ந்துவிடும். காலில் தெரிந்த அதிர்வு திடீரென்று விலாப் பக்கம் தெரிந்தால் அதுதான் அறிகுறி. பிரெகாபலின் போன்ற நரம்பு மாத்திரைகளை அன்றே தூக்கி எறிவதும் வேண்டாம், டாக்டர் படிப்படியாகக் குறைப்பார்.

இனி என் துறைக்கு வருகிறேன், எனக்கு அதிகக் கவலை இதில்தான். கருவி வைத்தவருக்குச் சில மாதம் கழித்துத் தோளோ முட்டியோ வலிக்கும். பக்கத்து ஊர் பிசியோதெரபி சென்டருக்குப் போவார். அங்கே இரண்டு பக்கமும் பட்டையை வைத்து, நடுவில் டர்க்கி டவலை மடித்துச் செருகி, இதமாகச் சூடு கொடுக்கும் ஷார்ட்வேவ் டயதெர்மி இருக்கும். இது அவருக்கு எந்தக் காரணத்துக்கும் கூடாது. கருவி வாங்கிக்கொள்ளும் ஆற்றல் கம்பி முனையில் சூடாக இறங்கித் தண்டுவடத்தையே சுட்டுவிடலாம், உயிரே போகலாம். முட்டிக்குத்தானே என்பதும், கருவியை ஆஃப் பண்ணிவிட்டேனே என்பதும் உதவாது: உடம்பில் எங்கே வைத்தாலும், ஆஃபில் இருந்தாலும் கூடாது. மைக்ரோவேவ் டயதெர்மிக்கும் இதே விதிதான். சட்டைக்குள் இருக்கும் பெட்டி எங்கள் கண்ணுக்குத் தெரியாது, அதனால் படுக்கையில் ஏறும் முன் நீங்கள் சொல்ல வேண்டும். நாங்களும் கேட்க வேண்டும், பல சென்டர்களில் கேட்பதில்லை.

எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னால், கருவி வைத்தபோது கொடுத்த அட்டையைக் காட்டுங்கள். சில மாடல்களுக்கு நிபந்தனையோடு எடுக்கலாம், சிலவற்றுக்குக் கூடாது. வேறு எந்த ஆபரேஷனுக்குப் போனாலும் அறுவை மருத்துவரிடம் முதலிலேயே சொன்னால்தான், மின்சாரத்தால் வெட்டி ரத்தத்தை நிறுத்தும் கரண்ட் கத்தியைப் பற்றி அவர் முடிவெடுப்பார்.

கடைசியாக, தொடர்ந்து கவனிப்பது யார் என்று கேட்காமல் வைத்துக்கொள்ளாதீர்கள். துடிப்பின் அளவைத் திருத்த முதல் வருடத்தில் பலமுறை போக வேண்டியிருக்கும், தருமபுரியிலிருந்து பெங்களூர் ஒரு வழிக்கே சுமார் 130 கிலோமீட்டர். சார்ஜ் ஏற்றாத பேட்டரி பெரும்பாலும் சில வருடங்களில் தீரும், அப்போது பெட்டியை மாற்ற மறுபடி ஆபரேஷன். சார்ஜ் ஏற்றும் வகை பத்து வருடம் போல வரும், ஆனால் தவறாமல் சார்ஜ் போட வேண்டும். மின்வெட்டு அதிகம் உள்ள ஊரிலோ தோட்டத்து வீட்டிலோ இருப்பவர் அதையும் கணக்கில் எடுத்துக்கொண்டு எந்த வகை என்று கேளுங்கள்.