கோட்டைக்குப் போகும் கோரிக்கையை எழுதுவது எப்படி? அரசுப் பள்ளிக்கும் தொழிற்பயிற்சிக்கும் குரல் கொடுப்போருக்கு

“எங்கள் ஊர் அரசுப் பள்ளியின் தரத்தை உயர்த்த வேண்டும், படித்த பிள்ளைகளுக்கு வேலைவாய்ப்பு உருவாக்க வேண்டும்” என்று எழுதப்பட்ட மனுவை எந்த அதிகாரியும் மறுக்க மாட்டார், எந்த அதிகாரியும் நிறைவேற்றவும் மாட்டார். தலைமைச் செயலகத்தில் ஒரு கோரிக்கைக்கு உயிர் வருவது, ஓர் உதவிப் பிரிவு அலுவலர் அதன்மேல் குறிப்பு எழுதிப் பிரிவு அலுவலருக்கு அனுப்பும்போதுதான். அந்தக் குறிப்பை எழுத எந்தத் துறை, எந்தப் பணியிடம், எவ்வளவு செலவு, எந்த விதி ஆகிய நான்கும் அவருக்குத் தேவை. மனுவிலேயே இவை இருந்தால் அவருடைய வேலையில் பாதியை நாமே முடித்துக் கொடுத்ததாகும். இல்லாவிட்டால் “உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்படுகிறது” என்ற வரியுடன் மனு மாவட்டத்துக்கே திரும்பிவிடும். தமிழ்நாட்டில் பள்ளிக் கல்விக்கும் திறன் பயிற்சிக்கும் மாநில அரசிடம் கோரிக்கை வைப்போர் எதை, எந்த வரிசையில் செய்யலாம் என்பதை இங்கே விளக்குகிறேன்.

முதலில் கதவைச் சரியாகத் தட்ட வேண்டும். “தொழிற்கல்வி” என்று பொதுவாகச் சொல்லும் ஒன்று அரசின் கணக்கில் பல துறைகளில் சிதறிக் கிடக்கிறது. மேல்நிலைப் பள்ளிகளில் 1978 முதல் இருந்துவரும் தொழிற்கல்விப் பிரிவு பள்ளிக் கல்வித் துறையைச் சேர்ந்தது. ஐ.டி.ஐ. எனப்படும் அரசு தொழிற்பயிற்சி நிலையங்கள் தொழிலாளர் நலன் மற்றும் திறன் மேம்பாட்டுத் துறையின் கீழும், பாலிடெக்னிக் கல்லூரிகள் உயர்கல்வித் துறையின் கீழும் வருகின்றன. மாணவர்களுக்குத் திறன் பயிற்சி தர 2022 மார்ச் 1ஆம் தேதி தொடங்கப்பட்ட நான் முதல்வன் திட்டத்தைத் தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகம் நடத்துகிறது. ஊரக இளைஞர்களுக்கான சில பயிற்சிகளோ ஊரக வளர்ச்சித் துறையின் வழியாக நடக்கின்றன. ஆகவே ஐ.டி.ஐ.யில் புதிய தொழிற்பிரிவு கேட்கும் மனுவைப் பள்ளிக் கல்வி அமைச்சரிடம் கொடுத்தால், படம் எடுத்துக்கொள்ளலாமே தவிர வேறு பயன் இருக்காது. துறை எது என்று உறுதிசெய்ய, சட்டமன்றத்தில் ஆண்டுதோறும் வைக்கப்படும் கொள்கை விளக்கக் குறிப்புகளைப் படியுங்கள். பள்ளிக் கல்விக்கு மானியக் கோரிக்கை (துறைக்கான நிதியைப் பேரவையிடம் கேட்கும் கோரிக்கை) எண் 43, தொழிலாளர் நலனுக்கு 32, உயர்கல்விக்கு 20. அரசு தானாகவே எதை எல்லாம் செய்வதாகச் சொல்லியிருக்கிறது என்பது அவற்றில் இருக்கும். அரசின் சொல்லையே எடுத்துக்காட்டித் தொடங்கும் மனுவுக்கு எடை அதிகம்.

அடுத்தது தரவு. பள்ளியின் மாணவர் எண்ணிக்கை, ஆசிரியர் எண்ணிக்கை, கட்டட வசதி ஆகியவை பள்ளிகளின் விவரங்களைத் தொகுத்துவைக்கும் மத்திய அரசின் யுடைஸ் பிளஸ் (UDISE+) தளத்தில் கிடைக்கும். அங்கே கிடைக்காதவற்றுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணத்துடன் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பித்தால் 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ பதில் நிறைவு தராவிட்டாலோ 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடும், அதன் பிறகு 90 நாட்களுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடும் செய்யலாம். பலரும் தவறுவது கேள்வியை அமைப்பதில்தான். “ஏன் ஆசிரியரை நியமிக்கவில்லை?” என்ற கேள்வி ஆவணத்தைக் கேட்கவில்லை, விளக்கத்தைக் கேட்கிறது, அதை எளிதில் தட்டிக்கழித்துவிடலாம். “இப்பள்ளியில் அனுமதிக்கப்பட்ட முதுகலை ஆசிரியர் பணியிடங்கள் எத்தனை, இன்றைய நாளில் காலியிடங்கள் எத்தனை, ஒவ்வொன்றும் எந்த நாளிலிருந்து காலி, அது குறித்து மாவட்டத்திலிருந்து மேலே அனுப்பப்பட்ட கடிதங்களின் நகல்” என்று கேளுங்கள்.

தரவு சில வேளைகளில் நம் கோரிக்கையையே மாற்றிவிடும்; அதற்கு மனம் தயாராக இருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, மேல்நிலைப் படிப்பை முடித்த பெண் பிள்ளைகள் வீட்டோடு நின்றுவிடுகிறார்கள் என்பதால் ஓர் ஒன்றியத்தில் புதிய ஐ.டி.ஐ. கேட்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்து ஊரில் இருக்கும் அரசு ஐ.டி.ஐ.யின் தொழிற்பிரிவு வாரியான மொத்த இடங்களையும் சேர்க்கையையும் வாங்கிப் பார்த்தால், அங்கேயே இடங்கள் நிரம்பாமல் கிடப்பது தெரியவரலாம். அந்த எண் நம் கையில் இல்லாவிட்டாலும் அதிகாரியின் கையில் இருக்கும். முதல் சந்திப்பிலேயே அதைச் சொல்லிப் பேச்சை முடித்துவிடுவார். பிள்ளைகள் அங்கே போகாததற்குக் காரணம் மாலையில் திரும்பி வரப் பேருந்து இல்லாததா, விடுதி இல்லாததா, அவர்கள் விரும்பும் பிரிவு இல்லாததா என்று வீடு வீடாகக் கேட்டறிந்தால், கோடிகளில் கட்டடம் கேட்க வந்தவர்கள் ஒரு நகரப் பேருந்தின் நேரமாற்றத்தைக் கேட்டு வெற்றியோடு திரும்பலாம். புதிய பிரிவுதான் தேவை என்று உறுதியானால், அதற்கான இடம், இயந்திரங்கள், மின் இணைப்பு ஆகியவை அங்கீகார விதிமுறைகளுக்கு உட்பட்டவை என்பதை நினைவில் வைத்து, இவற்றில் எது ஏற்கெனவே இருக்கிறது என்றும் எழுதுங்கள்.

மனுவுக்குப் பின்னால் ஊர் நிற்கிறது என்பதற்குச் சான்று வேண்டும். இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009இன் 21ஆம் பிரிவு பள்ளி மேலாண்மைக் குழுவையும், 22ஆம் பிரிவு அக்குழு தயாரிக்க வேண்டிய பள்ளி வளர்ச்சித் திட்டத்தையும் பற்றிப் பேசுகின்றன. குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்பது சட்டம். அக்குழுவின் தீர்மானத்துடன் கிராம சபைத் தீர்மானத்தையும் பெறுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கிராம சபை கூடுகிறது. தீர்மானம் பதிவேட்டில் ஏறியதைக் கண்ணால் பார்த்துச் சான்றிட்ட நகலை வாங்காமல் இடத்தைவிட்டு நகராதீர்கள். தலைமை ஆசிரியரையும் ஆசிரியர்களையும் பரப்புரை மனுவில் கையொப்பமிட வற்புறுத்த வேண்டாம். அரசு ஊழியர் நடத்தை விதிகள் அவர்களைக் கட்டுப்படுத்துகின்றன. அவர்கள் உதவ வேண்டியது தரவில்தான்.

கோரிக்கையின் வாசகத்துக்கு எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்பதற்கு, மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தரப்படும் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டைவிட நல்ல பாடம் இல்லை. நீட் தேர்வு தமிழ்நாட்டில் முழுமையாக நடைமுறைக்கு வந்த 2017க்குப் பிறகு, அரசுப் பள்ளி மாணவர்கள் மருத்துவக் கல்லூரிகளில் சேர்வது மிக அரிதானது. வெறும் குமுறலாக இருந்தவரை அது எங்கும் நகரவில்லை. ஓய்வுபெற்ற நீதிபதி கலையரசன் தலைமையிலான ஆணையம் 2020இல் எண்களைத் தொகுத்து அறிக்கை தந்த பிறகு அது சட்டத்துக்குரிய பொருளாயிற்று. ஆணையம் 10 விழுக்காடு பரிந்துரைத்தது, அரசு 7.5 என்று முடிவுசெய்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் சட்டமன்றம் மசோதாவை நிறைவேற்றியும் ஆளுநரின் ஒப்புதல் தாமதமானதால், அக்டோபர் 29 அன்று அரசு தன் நிர்வாக அதிகாரத்தைக் கொண்டு அரசாணை வெளியிட்டது. மறுநாளே ஒப்புதலும் வந்தது. 2021இல் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கும் இதே ஒதுக்கீடு விரிந்தது. 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் மருத்துவ ஒதுக்கீட்டைச் செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஆனால் “அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்தவர்” என்ற வரையறைக்குள் அரசு உதவிபெறும் பள்ளிகளின் பிள்ளைகள் வரவில்லை. அவர்களில் பலர் அதே ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். பின்னர் அவர்களுக்காக நீதிமன்றப் படியேறியும் பயனில்லை. யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்ற பத்தியை மற்றவர்கள் எழுதட்டும் என்று விட்டுவிடாமல், உங்கள் மனுவிலேயே எழுதிவிடுங்கள்.

மனு இரண்டு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். சான்றுகளை இணைப்பாக வையுங்கள். செலவைக் குறிப்பிடும்போது ஒருமுறை மட்டும் ஆகும் தொடராச் செலவினத்தையும் ஆண்டுதோறும் ஆகும் தொடர் செலவினத்தையும் பிரித்துக் காட்டுங்கள். கட்டடத்துக்கு நன்கொடையாளர் கிடைப்பார். நிதித் துறை அஞ்சுவதெல்லாம் ஆண்டுதோறும் வரும் சம்பளத்துக்குத்தான். 2025-26இல் பள்ளிக் கல்விக்கு ஒதுக்கப்பட்ட 46,767 கோடி ரூபாயில் பெரும்பகுதி சம்பளமும் அது சார்ந்த செலவும்தான். இந்த அச்சத்துக்கு இடம்கொடுத்து “தற்காலிகமாக ஆளைப் போட்டால் போதும்” என்று நாமே இறங்கிப் போவதில் எனக்கு உடன்பாடில்லை. ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி ஆகியவற்றுக்காக 2012இல் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்கள் ஐயாயிரம் ரூபாய் மாதச் சம்பளத்தில் எடுக்கப்பட்டார்கள். அவர்களின் பணிநிரந்தரப் போராட்டம் ஆட்சி மாறியும் தொடர்ந்தது.

எந்தப் பையிலிருந்து பணம் வர வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். 1976இல் 42ஆவது திருத்தத்தின் வழியாகக் கல்வி பொதுப் பட்டியலுக்குப் போனதால், மத்திய அரசின் நிதியும் நிபந்தனையும் சேர்ந்தே வருகின்றன. பள்ளிக் கல்விக்கான கூட்டுத் திட்டமான சமக்ர சிக்ஷாவில் மத்திய அரசின் பங்கு 60 விழுக்காடு, மாநிலத்தின் பங்கு 40 விழுக்காடு. மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டமான பிஎம்ஸ்ரீக்குரிய ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடாததைத் தொடர்ந்து, சமக்ர சிக்ஷாவில் 2024-25க்குரிய சுமார் 2,152 கோடி ரூபாய் நிறுத்திவைக்கப்பட்டு, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. ஆகவே தடைபடக் கூடாத செலவை மாநில நிதியிலிருந்தே கேட்பது நல்லது.

காலம் தவறினால் நல்ல மனுவும் ஓராண்டு தூங்கும். வரவு செலவுத் திட்டம் வழக்கமாகப் பிப்ரவரியிலோ மார்ச்சிலோ தாக்கலாகிறது. புதிய திட்டங்களுக்கான கருத்துருக்களை (முன்மொழிவுகளை) இயக்குநரகங்கள் திரட்டி அனுப்பும் வேலையோ அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே நடந்துவிடும். எனவே ஆகஸ்ட் 15 கிராம சபையில் தீர்மானம், செப்டம்பருக்குள் மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலரின் பரிந்துரை, அக்டோபருக்குள் இயக்குநரகத்தில் கருத்துரு என்று நாட்காட்டியைப் பின்னிருந்து முன்னாக வகுத்துக்கொள்ளுங்கள். தேர்தல் அறிவிக்கப்பட்டதும் நடத்தை விதிகள் வந்துவிடும். புதிய அறிவிப்பு எதுவும் வராது. அந்த வேளையில் கட்சிகளின் தேர்தல் அறிக்கைக் குழுக்களைச் சந்திப்பதுதான் பயன்தரும்.

சட்டமன்ற உறுப்பினரிடம் போகும்போது தொகுதி மேம்பாட்டு நிதியை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். வகுப்பறை கட்ட அது உதவும்; ஆசிரியர் பணியிடத்தை உருவாக்காது. அவரிடம் கேட்க வேண்டியது அவையில் ஒரு வினா அல்லது கவன ஈர்ப்புத் தீர்மானம். அவர் எந்தக் கட்சியாக இருந்தாலும், அமைச்சர் அவையில் சொல்லும் பதில் பதிவாகிறது. பின்னர் அதையே அடுத்த மனுவின் முதல் வரியாக வைக்கலாம். பேரவையின் மனுக்கள் குழுவுக்கும் எழுதலாம்.

அரசாணை வெளிவந்ததும் இனிப்பு வழங்குவதற்குமுன் அதை முழுவதும் படியுங்கள். “ஒப்பளிக்கப்படுகிறது” என்ற சொல்லுக்குப் பக்கத்தில் எத்தனை பணியிடங்கள், எந்த ஊதிய நிலை, எந்தக் கணக்குத் தலைப்பு, எந்த நாள்வரை என்று பாருங்கள். ஆறு மாதம் கழித்து மீண்டும் பத்து ரூபாயுடன் ஒரு விண்ணப்பம் அனுப்பி, அந்தப் பணியிடத்தில் ஆள் சேர்ந்த நாளையும், முதல் ஆண்டுச் சேர்க்கையில் பெண் பிள்ளைகளின் எண்ணிக்கையையும் கேட்டு வாங்குங்கள்.