கப்பலை விடுங்கள், நிலத்தைப் பிடியுங்கள்: அமெரிக்க எல்லைப்புறத்து ஸ்காட்டிஷ் குடும்பத்தின் தலைமுறைகளைத் தேட ஒரு வழி

மருமகள் வழியிலோ மாப்பிள்ளை வழியிலோ ஸ்காட்லாந்து வம்சத்து ஒரு கேம்ப்பெல், ஒரு மெக்கீ உறவாகிவிட்ட வீடுகள் இப்போது நம்மிடையே நிறைய. பேரப்பிள்ளைகளுக்காக அந்தப் பக்கத்து வம்சத்தைத் தேட உட்காருபவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "எந்தக் கப்பலில் வந்தார்கள்?" என்றுதான். தயவுசெய்து அங்கே தொடங்காதீர்கள். அமெரிக்க அரசு பயணிகள் பட்டியலை முறையாக வாங்க ஆரம்பித்ததே 1820ல். அதற்கு முன்பு வந்த ஸ்காட்லாந்துக்காரர்களும், ஸ்காட்லாந்திலிருந்து அயர்லாந்தின் அல்ஸ்டர் பகுதிக்குப் போய் அங்கிருந்து கிளம்பிய அல்ஸ்டர் ஸ்காட்களும் பிரிட்டிஷ் அரசரின் குடிகள், அரசருடைய ஒரு நிலத்திலிருந்து இன்னொரு நிலத்துக்கு வந்தவர்கள், அதனால் இறங்கிய துறைமுகத்தில் அவர்கள் பெயரை யாரும் முறையாக எழுதி வைக்கவில்லை. (ஜெர்மானியர்கள் அந்நியர்கள் என்பதால் 1727 முதல் பிலடெல்பியாவில் சத்தியப்பிரமாணம் வாங்கிப் பட்டியல் போட்டார்கள்.) 1773 முதல் 1776 வரை பிரிட்டனைவிட்டுக் கிளம்பியவர்களுக்கு மட்டும் ஒரு பதிவேடு உண்டு, அவ்வளவுதான்.

இன்றிலிருந்து பின்னோக்கிப் போங்கள், ஒரு தலைமுறையை உறுதி செய்யாமல் அடுத்ததற்குத் தாவாதீர்கள். 1880 சென்சஸ் முக்கியமானது, அதில் ஒவ்வொருவருக்கும் அப்பா எங்கே பிறந்தார், அம்மா எங்கே பிறந்தார் என்று இருக்கும். 1890 சென்சஸில் பெரும்பகுதி 1921ல் நடந்த தீவிபத்தோடு போய்விட்டது. அடிமைகள் அல்லாத எல்லோருடைய பெயரும் வருவது 1850 முதல்தான். அதற்கு முந்தையவற்றில் குடும்பத் தலைவர் பெயரும், இந்த வயதில் இத்தனை ஆண், இத்தனை பெண் என்ற எண்ணிக்கையும் மட்டுமே. வர்ஜீனியா, கென்டக்கி, டென்னஸி மூன்றுக்கும் 1790, 1800 ஏடுகள் ஏறக்குறைய எதுவும் மிஞ்சவில்லை. ஆக, நமக்கு மிகவும் தேவையான மேற்கே புதிதாகக் குடியேறிய அந்த முதல் எல்லைப்புறத் தலைமுறையைச் சென்சஸில் தேடிப் பயனில்லை.

அந்த இடத்தை நிரப்புவது வரி ஏடுகள். வர்ஜீனியாவில் 1782 முதல் தனிச் சொத்து வரிப் பட்டியல்கள் கிடைக்கின்றன, பிரிவதற்கு முன்பு கென்டக்கியும் அதில் அடக்கம். ஒரே ஒரு வருஷத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள், பத்து வருஷத்தை வரிசையாக எடுங்கள். ஒரு வருஷம் அப்பா பெயருக்கு நேரே வரி கட்ட வேண்டிய ஆண்கள் இரண்டு பேர் என்று கூடியிருந்தால் பெரும்பாலும் பையன் வரி வயதை எட்டிவிட்டான் என்று பொருள். அப்பா பெயர் மறைந்து அதே இடத்தில் ஒரு பெண் பெயர் வந்தால் அவர் விதவையாக இருக்கலாம், உடனே உயில் ஏட்டைத் திறங்கள். சில ஏடுகளில் வரி அலுவலர் வந்துபோன தேதியும் இருக்கும். ஒரே தேதியில் வருபவர்கள் அக்கம்பக்கத்துக்காரர்கள், அந்தப் பெயர்களையும் எழுதி வையுங்கள், பின்னால் கட்டாயம் தேவைப்படும்.

அடுத்தது பலரும் தடுக்கி விழும் இடம், கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) எல்லை. குடும்பம் நகரவே இல்லை, கவுண்டிதான் நகர்ந்தது என்பது அங்கே சர்வசாதாரணம். வர்ஜீனியாவின் அகஸ்டா கவுண்டியிலிருந்து 1770ல் போட்டடாட் பிரிந்தது, அதிலிருந்து 1772ல் ஃபின்காஸில், 1776ல் ஃபின்காஸிலையே கலைத்து மாண்ட்கமரி, வாஷிங்டன், கென்டக்கி என்று மூன்றாக்கினார்கள். தென்மேற்கு மூலையில் அசையாமல் இருந்த ஒரே பண்ணைக்கு ஏழெட்டு வருஷத்தில் நான்கு நீதிமன்றங்களில் பத்திரம் இருக்கலாம். நியூபெரி நூலகத்தின் கவுண்டி எல்லை வரைபடங்கள் இணையத்தில் இலவசம், அதைத் திறந்து வைத்துக்கொண்டே தேடுங்கள்.

சரி, நிலத்துக்கு வருவோம். என்னைக் கேட்டால் எல்லைப்புறக் குடும்பத்துக்கு இதைவிட நல்ல சான்று கிடையாது. ஞானஸ்நானப் பதிவு வைத்திருந்த பிரஸ்பிடீரியன் சபைகள் (இவர்களில் பலர் சேர்ந்திருந்த புராட்டஸ்டன்ட் பிரிவு) அங்கே குறைவு, ஆனால் பெரும்பாலோர் அங்கே போனதே நிலத்தைத் தேடித்தான். பழைய சர்வே இப்படித்தான் போகும்: ஓடைக்கரையில் நிற்கும் இரண்டு வெள்ளை ஓக் மரங்களில் தொடங்கி, வடகிழக்காக இத்தனை "போல்" (pole என்ற நீள அளவு), இன்னார் நிலத்தின் மூலை வரை. ஒரு போல் பதினாறரை அடி, நான்கு போல் ஒரு சங்கிலி, அதாவது 66 அடி, 100 லிங்க். நம்மூர் பழைய சர்வே படங்களில் லிங்க் கணக்குப் பார்த்தவர்களுக்கு இது பழக்கப்பட்ட அளவுதான். கடைசியில் சங்கிலி பிடித்தவர்கள் பெயரும் இருக்கும், அதைத் தவற விடாதீர்கள், பெரும்பாலும் மகன், மைத்துனன், பக்கத்து வீட்டுக்காரர் என்றுதான் இருப்பார்கள். நிலத்தை விற்கும்போது மனைவி, கணவனுக்குப் பின் தனக்கு வரவேண்டிய விதவைப் பங்கை விட்டுக்கொடுத்ததாக ஒரு பதிவு வரும், பல பெண்களின் பெயர் நமக்குக் கிடைக்கும் ஒரே இடம் அதுதான். திருமண உறுதிப் பத்திரத்தில் (கல்யாணத்துக்குச் சட்டத் தடை இல்லை என்று எழுதிக்கொடுப்பது) ஜாமீன் நின்றவர் பெரும்பாலும் பெண்ணின் அப்பா அல்லது அண்ணன் தம்பி.

பிரெக்கின்ரிட்ஜ் குடும்பத்தைப் பாருங்கள், எல்லாம் வெளியே தெரிந்த வரலாறு. 1740ல் வர்ஜீனியாவின் ஆரஞ்சு கவுண்டி நீதிமன்றத்தில் அலெக்ஸாண்டர் பிரெக்கின்ரிட்ஜ், தன்னையும் தன் குடும்பத்தையும் அயர்லாந்திலிருந்து பிலடெல்பியாவுக்கும் அங்கிருந்து இந்தக் காலனிக்கும் சொந்தச் செலவில் கூட்டிவந்ததாகச் சத்தியம் செய்தார். சொந்தச் செலவில் ஆள் கூட்டிவந்தால் தலைக்கு 50 ஏக்கர் நில உரிமை என்பதால் செய்த சத்தியம் அது, கப்பல் பட்டியல் சொல்லாததை நில ஆசை சொல்லிவிட்டது. அவர் மகன் ராபர்ட் அகஸ்டாவிலும் பிறகு போட்டடாட்டிலும் வருகிறார். ராபர்ட்டின் மகன் ஜான் 1760ல் பிறந்து 1793ல் கென்டக்கிக்குக் குடிபெயர்ந்தார். அந்த ஜானின் பேரன்தான் 1857ல் அமெரிக்கத் துணை அதிபரான ஜான் சி. பிரெக்கின்ரிட்ஜ். உங்கள் குடும்பம் பிரபலமானதாக இல்லாவிட்டாலும் தேட வேண்டிய ஏடுகள் இதே வகைதான்.

அந்தக் குடும்பத்து முன்னோர் யாராவது அமெரிக்கச் சுதந்திரப் போரில் இருந்திருந்தால் ஓய்வூதியக் கோப்பைத் தேடுங்கள். 1832 சட்டத்தின்படி விண்ணப்பித்தவர்கள் எங்கே பிறந்தோம், போருக்குப் பிறகு எங்கெல்லாம் குடியிருந்தோம் என்று நீதிமன்றத்தில் சொல்ல வேண்டியிருந்தது. விதவைகள் கல்யாணத்தை நிரூபிக்கக் குடும்ப பைபிளில் பிள்ளைகள் பெயர் எழுதிய பக்கத்தையே கிழித்து இணைத்திருக்கிறார்கள், இன்றும் அந்தத் தாள் கோப்பில் இருக்கும்.

ஒரே ஊரில் நான்கு ஜான் கேம்ப்பெல் இருந்தால் பெயரை நம்பாதீர்கள். மனைவி, ஓடை, பக்கத்து நிலக்காரர் மூன்றும் பொருந்துகிறதா பாருங்கள். அந்தக் காலத்தில் சீனியர், ஜூனியர் என்றால் ஊரில் மூத்தவர், இளையவர் என்று மட்டும்கூட இருக்கலாம், அப்பா மகன் என்று முடிவு கட்ட முடியாது. மூத்த மகனுக்கு அப்பாவழித் தாத்தா பெயர், இரண்டாமவனுக்கு அம்மாவழித் தாத்தா பெயர் என்ற ஸ்காட்டிஷ் வழக்கம் துப்புக் கொடுக்கும், ஆனால் சான்று ஆகாது. இணையத்தில் யாரோ போட்ட குடும்ப மரத்தை அப்படியே நகல் எடுப்பது வேண்டவே வேண்டாம். ஃபேமிலிசர்ச் தளத்தில் இப்போது கையெழுத்துப் பத்திரங்களையும் உயில்களையும் சொல் தட்டித் தேட முடிகிறது, மூல ஏட்டைப் பார்க்காமல் இருக்க இனிமேல் காரணம் இல்லை.

அந்த உயில்களில் இன்னொன்றும் வரும். நிலம், குதிரை, படுக்கை என்ற வரிசையிலேயே அடிமைகளின் பெயர்களும் இருக்கும். படிக்கும்போது மனம் கனக்கும், ஆனாலும் அந்தப் பெயர்களையும் தேதியோடு எழுதி, உங்கள் மரத்தோடு சேர்த்துப் பகிருங்கள். தங்கள் முன்னோரை 1870க்கு (விடுதலையான அடிமைகள் எல்லோருடைய பெயரும் சென்சஸில் முதலில் வந்த ஆண்டு) முன்னால் கொண்டுபோக முடியாமல் தவிக்கும் கறுப்பினக் குடும்பங்களுக்குப் பல சமயம் அந்த ஒரு வரிதான் கிடைக்கக்கூடிய சான்று.

கடலைத் தாண்டுவது கடைசியில்தான், பாரிஷ் (ஒரு தேவாலயத்தின் கீழ் வரும் வட்டாரம்) பெயரோ ஊர் பெயரோ கையில் கிடைத்த பிறகு. ஸ்காட்லாந்தில் அரசுப் பிறப்புப் பதிவு 1855ல்தான் தொடங்கியது, அதற்கு முன்பு பழைய பாரிஷ் ஏடுகள், ஸ்காட்லண்ட்ஸ்பீப்பிள் தளத்தில் பார்க்கலாம். அல்ஸ்டர் வழி என்றால் கொஞ்சம் கடினம், டப்ளின் ஆவணக் காப்பகம் 1922ல் எரிந்தபோது ஏராளமானவை அழிந்தன. பெல்ஃபாஸ்டில் உள்ள வட அயர்லாந்து ஆவணக் காப்பகத்தில் எஞ்சிய ஏடுகளைத் தேடும்போது, கிளம்பியவரை மட்டும் தேடாமல் ஊரிலேயே தங்கிவிட்ட அண்ணன் தம்பிகளையும், அமெரிக்காவில் அவர் பக்கத்து நிலத்தில் இருந்தவர்களின் குடும்பப் பெயர்களையும் சேர்த்துத் தேடுங்கள். இரண்டு மூன்று குடும்பப் பெயர்கள் ஒரே பாரிஷில் கூடிவந்தால், முதலில் அந்தப் பாரிஷின் ஏட்டை எடுங்கள்.