முதலில் கேட்க வேண்டியது: "எத்தனை நாள் ஆச்சு?"

எச்.ஐ.வி. களப்பணியாளர் பயிற்சியில், ஆணுறை இல்லாத உறவு போன்ற ஒன்றுக்குப் பிறகு தொற்றியிருக்குமோ என்ற பயத்தோடு வருபவரிடம் "நடந்து எத்தனை நாள் ஆச்சுங்கண்ணே?" என்று முதலில் கேட்கப் பழக்குங்கள். 72 மணி நேரத்துக்குள் என்றால் உடனே அரசு மருத்துவமனை. தடுப்பு மருந்து தேவையா என்று மருத்துவர் முடிவு செய்வார், தொடங்கினால் 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். நேரம் தாண்டிவிட்டால் நம்பிக்கை மையத்தில் (அரசின் எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையம்) பரிசோதனை, 3 மாதம் கழித்து மறுபடியும். ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் உருவாக வாரக்கணக்கில் ஆகும் என்பதால், அவசரமாக எடுத்த முதல் முடிவை மட்டும் நம்பக் கூடாது.

கிருஷ்ணகிரி சுங்கச்சாவடி ஓரம் வண்டியை நிறுத்தும் லாரி ஓட்டுநருக்கு "அடுத்த வாரம் வாங்க" என்பது உதவவே உதவாது. அதற்குள் நாக்பூரைத் தாண்டியிருப்பார். வழியிலுள்ள அரசு மருத்துவமனையையும் 1097 என்ற இலவச எய்ட்ஸ் உதவி எண்ணையும் சொல்லி அனுப்புங்கள்.

கர்ப்பிணிகளிடம் இந்தக் கேள்வியில் தொடங்க வேண்டாம். அவர்கள் எல்லோருக்குமே வழக்கமான ரத்தப் பரிசோதனையோடு எச்.ஐ.வி. பரிசோதனையும் உண்டு.