பூ சோப்பில் இதழ் கருகாமல் இருக்க நான் செய்தது

கொலுத் தாம்பூலத்துக்கு வீட்டிலேயே சோப்பு செய்து கொடுக்கலாம் என்று காரைக்குடியில் போன வருஷம் இறங்கினேன். தேங்காய் எண்ணெய், காஸ்டிக் சோடா எல்லாம் அளவாகத்தான் போட்டேன். ஆனால் பறித்த கையோடு உள்ளே கலந்த பன்னீர் ரோஜாவும் செம்பருத்தியும் நாலே நாளில் பழுப்பாகி, அப்பத்தா பார்த்துவிட்டு, “என்னடி, டீத்தூளைப் போட்டுக் கிண்டினியா?” என்று கேட்டுவிட்டார்கள்.

அப்புறம்தான் புரிந்தது, சோப்பின் காரம் அந்தச் சிவப்பு நிறத்தைத் தின்றுவிடும், செண்டுப்பூவின் மஞ்சள் நிறமியோ வேறு வகை, காரத்துக்குத் தாக்குப்பிடிக்கும். இந்த முறை செண்டுப்பூ இதழ்களை வீட்டின் இரண்டாங்கட்டில் வெள்ளைத் துணி விரித்து, தொட்டால் நொறுங்கும்வரை நிழலிலேயே உலர்த்தினேன் (ஈரம் இருந்தால் பூஞ்சை பிடிக்கும்). கலவை இட்லி மாவுப் பதத்துக்குக் கெட்டியானதும் அச்சில் ஊற்றி, இதழ்களை மேலே மட்டும், ஆத்தங்குடிக் கல் கோலம் மாதிரி அடுக்கி, விரலால் லேசாக அழுத்தினேன். உள்ளே ஒன்றுகூடப் போடவில்லை. சிவப்பு வேண்டுமே என்று ஓரத்தில் ஒரே ஒரு ரோஜா இதழ் வைத்த சோப்பு மட்டும் வழக்கம்போலப் பழுப்பானது, அதை நானே குளிக்க வைத்துக்கொண்டேன். மற்றதெல்லாம் ஆறு வாரம் ஆறிய பிறகும் மஞ்சள் மாறாமல் இருக்கிறது.